போயா இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை

யோகாவின் இடது காற்செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது.

"ஐயோ, கனடாவுக்குப் போட்டுக்கொண்டு போகவெண்டு வாங்கினதடி இந்தச் செருப்பு!" என்று ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, தோணியின் விளிம்பைப் பிடித்தபடி கத்தினாள். முழங்கால்வரை சேற்றில் நின்று தோணியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் பிடி நழுவி முகங்குப்புற விழுந்தேன். எழும்பிப் பார்த்தால் மூக்குக்குள்ளும் சேறு, வாய்க்குள்ளும் சேறு.

நஸீமா மட்டும் சிரிக்கவில்லை. தோணியின் முன்பக்கத்தில், துடுப்பை மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் கண்டல் மரங்களின் வேர்கள் தண்ணீரை விட்டு வெளியே நின்றன. வேர்களுக்கிடையில் சின்னச் சின்ன நண்டுகள் ஓடின. கச்சான் காற்று மரங்களுக்கு மேலால் போனதே தவிர எங்களிடம் இறங்கி வரவில்லை.

"நாலு மணிக்கு வீட்ட ஆக்கள் வருவாங்க, ராஜி," என்றாள் நஸீமா.

"இப்ப ஒரு மணிதானே. ரெண்டு தள்ளுத் தள்ளினாச் சரி," என்றேன்.

சரிவரவில்லை. ஐந்து மணி தாண்டும்வரை மூன்று பேரும் அந்த வாய்க்காலுக்குள்ளேயே கிடந்தோம். நாலு மணிக்கு வந்தவர்கள் வந்து, இருந்து, போய்விட்டார்கள். அதோடு நஸீமாவையும் நான் இழந்தேன். இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

"அம்மா, உங்கள் தொடரில் ஒவ்வொரு வாரமும் யாராவது சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்" என்று ஒரு வாசகர் குறைப்பட்டு எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும் ஐயா, இந்த வாரமும் கொஞ்சம் சாப்பாடு வரும்.

மூன்று பேர், ஒரு தோணி

நானும் நஸீமாவும் ஒரே அரசாங்கக் கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் கிண்ணியா, நான் அன்புவழிபுரம். யோகா எனக்குப் பள்ளிக்கூடச் சிநேகிதி, வேலி ஒன்று இடையில் நிற்கும் அயல்வீட்டுக்காரி, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை. மூன்று பேருக்கும் அப்போது நாற்பது தாண்டியிருந்தது.

தோணி நஸீமாவின் வாப்பாவுடையது. கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்திய காலத்தில், பெரிய பாதைப் படகைத் தவறவிட்ட ஆட்களை அந்தத் தோணியில் ஏற்றி அக்கரை சேர்ப்பது அவருடைய தொழில். பாலம் வந்த பிறகு தோணியை வீட்டுப் பின்வளவில் மாமரத்தின் கீழ் கவிழ்த்துவிட்டார்கள். ஒரு பெருநாளுக்கு வட்டிலப்பம் சாப்பிடப் போன இடத்தில் அதைக் கண்டேன். அதற்குக் கீழே ஒரு கோழி அடை கிடந்தது.

"உங்களுக்கு இதை வலிக்கத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"சோறு தின்னத் தெரியுமா எண்டு கேளுங்க," என்றாள் நஸீமா.

அவ்வளவுதான். கோழியை வேறு இடத்துக்கு மாற்றினோம். அடுத்த லீவு நாளில் தோணி தண்ணீரில் இருந்தது, நாங்கள் தோணியில் இருந்தோம். முதல் நாள் யோகா கந்தசஷ்டி விரதக்காரி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றபடி வந்தாள். மூன்றாம் தரம் போனபோது அவளும் ஒரு துடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஊர் சும்மா இருக்குமோ? "மூண்டு பொம்பிளையளும் கப்பல் பிடிக்கப் போகினம்" என்று என் மனுசனே சொல்லிச் சிரித்தார். நஸீமாவின் கணவர் கலீல் நல்ல மனிதர், ஒன்றும் சொல்ல மாட்டார். அவருடைய அக்கா, ராத்தாதான் வாசலில் நின்று, "வயசான காலத்தில தண்ணிக்குள்ள என்ன வேல?" என்று கேட்பார். அந்த வீட்டில் ராத்தா சொன்னால் சொன்னதுதான்.

ஏன் போயா?

நாங்கள் போனதெல்லாம் போயா நாட்களில்தான். வெள்ளிக்கிழமை நஸீமா வீட்டில் ஜும்ஆ, யோகாவுக்கு விரதம். சனிக்கிழமை பிள்ளைகளின் ரியூசன். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்ப்பதற்கே காணாது. மாதத்தில் ஒரு நாள், போயா என்கிற பூரணைக்கு, அரசாங்கம் முழுவதும் லீவு. கந்தோரும் இல்லை, ஆஸ்பத்திரியில் யோகாவின் பகுதியும் அரைவாசி. அதை விட்டால் எங்களுக்கு வேறு நாள் கிடையாது.

கடல் அடங்கிக் கிடக்கும் கச்சான் காலத்தில், சித்திரை முதல் புரட்டாதிவரை, ஆறு போயா. காலை ஏழு மணிக்கு நஸீமா வீட்டுப் பின்பக்கம் தோணியைத் தள்ளி, குடாவின் கரையோரமாக வலித்து, எட்டு மணிக்குக் கண்டல் வாய்க்காலுக்குள் நுழைவோம். அந்த வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு பாறை மேடு. அதற்குப் பெயர் இல்லை. யோகா 'மேல்மாடி' என்று வைத்தாள்.

முள்ளுப் பற்றைக்குள்ளால் அரை மணி நேரம் ஏற வேண்டும். மேலே போய்விட்டால் துறைமுகம் முழுவதும் தெரியும். நங்கூரம் போட்ட கப்பல்கள், எண்ணெய்த் தாங்கிகள், அதற்கப்பால் கோணமலை. ஒரு பாலை மரம் நின்றது. பாலைப்பழக் காலத்தில் அதன் கீழே இருந்து தின்போம். பாலைப்பழம் தின்றால் உதடு இரண்டும் பசை போட்டதுபோல் ஒட்டும். "இப்பதான் ராஜிட வாய் மூடிக் கிடக்கு, அல்ஹம்துலில்லாஹ்," என்பாள் நஸீமா. தேங்காய் எண்ணெய் பூசித்தான் கழற்ற வேண்டும்.

போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டு. அதனால் எப்போதும் மீன்தான். நஸீமா மூன்று கல் வைத்துச் சொதி காய்ச்சுவாள். சுள்ளி விறகின் புகையில் எங்கள் மூன்று பேரின் தலைமயிரும் இரண்டு நாளைக்கு மணக்கும். பின்நேரம் ஆறு மணிக்கு முன்னம் அதே வாய்க்காலால் வெளியே வந்து, நிலவு எழும்பும்போது வீட்டில் நிற்போம்.

இங்கேதான் ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு உள்ளே போகும்போதும் ஆறு மணிக்கு வெளியே வரும்போதும் வாய்க்காலில் எப்போதும் தண்ணீர் நின்றது. ஆகவே அந்த வாய்க்காலில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும் என்று நானும் யோகாவும் நம்பிவிட்டோம். கடல் நிலவைப் பார்த்து ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு பூரணைக்கும் அது கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்குத்தான் ஏறும், நாங்கள் பூரணையைத் தவிர வேறொரு நாளில் அந்த வாய்க்காலைக் கண்டதே இல்லை என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை. இத்தனை வருடம் போய்வந்தும், நாங்கள் அறிந்திருந்தது போயாத் தண்ணீரை மட்டும்தான்.

அந்தச் செவ்வாய்

யோகாவின் மகன் அவளைக் கனடாவுக்குக் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வெளிக்கிட வேண்டும். போயாவோ சனிக்கிழமை. ஒரு நாள் வித்தியாசம்! நான் விடுவேனா? "செவ்வாய்க்கிழமை மூண்டு பேரும் லீவு போடுறம், கடைசியா ஒருக்காப் போறம்," என்றேன்.

நஸீமா தயங்கினாள். அன்றைக்குப் பின்நேரம் நாலு மணிக்கு அவளுடைய மகள் பர்ஹானாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். கலீலின் ராத்தா கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளை கட்டாரில் வேலை.

"மத்தியானத்துக்கே திரும்பிடுவம். நான் பொறுப்பு," என்றேன். பொறுப்பு என்ற சொல்லை நான் அந்தக் காலத்தில் மிகவும் மலிவாகப் பாவித்தேன்.

நஸீமா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, வாறன்," என்றாள்.

காலையில் உள்ளே போகும்போதே தோணியின் அடி இரண்டு இடத்தில் உரசியது. யாரும் கவனிக்கவில்லை. பாலை மரத்தின் கீழ் யோகா அழுதாள், நான் அவளைப் பகிடி பண்ணி அழுகையை நிற்பாட்டினேன், பிறகு நான் அழுதேன். பன்னிரண்டரைக்கு இறங்கி வந்து தோணியை எடுத்தோம். வாய்க்காலின் நடுப்பகுதிக்கு வந்ததும் தோணி நின்றுவிட்டது.

இறங்கி நடக்கலாம் என்றால் கரை எங்கே இருக்கிறது? கண்டலுக்குள் கால் வைத்தால் இடுப்புவரை இறக்கும். போனில் சிக்னல் இல்லை. யோகா செருப்பைத் தோண்டி எடுக்கப் போய் மற்றச் செருப்பையும் விட்டாள். நாலு மணிக்கு நஸீமா கைமணிக்கூட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்து தோணியைத் தூக்கியது.

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்போது அவளுடைய பின்வளவில் இறங்கினோம். கலீல் அங்கே நின்றார். எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் கந்தோரில்

அடுத்த நாள் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் என்னை நானே குட்டத் தோன்றும்.

காலையில் கந்தோரில் எல்லோரையும் கூட்டிவைத்து நடித்துக் காட்டினேன். யோகா எப்படி ஒற்றைக் காலில் நின்றாள், நான் எப்படி விழுந்தேன், சேறு எங்கெல்லாம் போனது என்று. கந்தோரே குலுங்கியது. எங்கள் மேலதிகாரி தன் அறையிலிருந்து எழும்பி வந்து பார்த்துச் சிரித்தார். வந்தவர்கள் கொஞ்சம் காத்திருந்திருப்பார்கள், அல்லது இன்னொரு நாள் வருவார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நஸீமா தன் மேசையில் இருந்து இலேசாகச் சிரித்தமாதிரித்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். "பொண்ணுட உம்மா தண்ணிக்குள்ள விளையாடப் போயிருக்கிறாவாம்" என்று சொல்லி அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சம்பந்தம் முறிந்தது. ராத்தா கலீலோடு பல மாதம் கதைக்கவில்லை.

நஸீமா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அடுத்த போயாவுக்கு, "எனக்கு ஏலாது, ராஜி," என்றாள். அதற்கடுத்த போயாவுக்கும் அதுவே. பிறகு நான் கேட்பதை விட்டேன். நானும் ரோசக்காரிதானே. பக்கத்து மேசையில் இருந்துகொண்டு கோப்பு, கையெழுத்து, தேநீர் என்று மட்டும் கதைத்தோம். பிறகு அவள் ஓய்வு பெற்றாள், நானும் பெற்றேன். கலீல் மௌத்தானபோது மரண வீட்டுக்குப் போனேன். சனக்கூட்டத்துக்குள் அவளுடைய கையைப் பிடித்தேன், அவளும் பிடித்தாள், அவ்வளவுதான்.

எனக்கு அந்த நாட்கள் வேணும். மூடி மறைக்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு போயாவுக்கும் விடிய எழும்பி, போக இடமில்லாமல் முற்றத்தைக் கூட்டுகிறேன். யோகா அங்கிருந்து போன் எடுத்து, "இஞ்சையும் ஏரி இருக்கடி, தோணி இருக்கு, ஆனா ஒருத்தரும் ஏச மாட்டினம், ஒரு சுவையும் இல்லை," என்கிறாள். போன வருடம் மருமகள் என்னை உல்லாசப் பயணிகள் போகும் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். ஒரு தம்பி எனக்குச் செம்மஞ்சள் மிதப்பங்கி மாட்டி, பிளாஸ்டிக் தோணியில் ஏற்றி, படம் எடுத்து, இருபது நிமிடத்தில் இறக்கிவிட்டார். படத்தில் நான் மூட்டை மாதிரி இருக்கிறேன். அன்றிரவு நஸீமாவை நினைத்து அழுதேன்.

பாலத்தைத் தாண்டி

போன போயாவுக்கு முற்றம் கூட்டவில்லை. பஸ் ஏறி, பாலத்தைத் தாண்டி, நஸீமா வீட்டுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் எனக்கே துணிவு போய்விடும்.

கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அல்லாவே, ராஜியா! வாங்க, வாங்க," என்றாள். நன்றாக மெலிந்திருந்தாள். பர்ஹானா வீட்டில் இல்லை. அவள் கந்தளாயில் படிப்பிக்கிறாள், கிழமை நாளில் அங்கேயே தங்கி, சனிக்கிழமை வருவாள். இந்தப் போயா கிழமை நடுவில் வந்ததால் வரவில்லையாம். இன்னும் கலியாணம் ஆகவில்லை. வந்ததெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போனது என்று நஸீமா தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

குசினி யன்னலால் பின்வளவு தெரிந்தது. தோணி மாமரத்தின் கீழேயே கவிழ்ந்து கிடந்தது. அடிக்குப் புதிதாகத் தார் பூசியிருந்தார்கள்.

"ஆருக்கு இந்தத் தார்?" என்றேன்.

"மழைக்குப் பழுதாப் போகுமே எண்டுதான்," என்றாள் என்னைப் பாராமல்.

இனியும் சுற்றி வளைக்க என்னால் முடியவில்லை. "நஸீமா, அண்டைக்கு நான்தான் பிடிவாதம் பிடிச்சு உங்களைக் கூட்டிக்கொண்டு போனனான். பர்ஹானாவின்ர வாழ்க்கையில மண் அள்ளிப் போட்டிட்டன். பிறகு அதையே கந்தோரில நடிச்சும் காட்டினனான். இத்தனை வருஷமாக் கேக்க வாய் வரேல்ல. என்னை மன்னிச்சிடுங்கோ," என்றேன்.

நஸீமா கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"உங்கட பிழ இல்ல, ராஜி. நான் தண்ணியக் கண்டன்."

எனக்கு விளங்கவில்லை.

"வாப்பாட தோணியில பொறந்து வளந்தவள் நான். போயா இல்லாத நாள்ல மத்தியானம் அந்த வாய்க்கால் காயும் எண்டு எனக்குத் தெரியாதா? பதினொரு மணிக்கு மேட்டுல நிண்டு பாத்தன். வேரெல்லாம் வெளிய வந்துட்டு. அப்பவே ஓடி இறங்கியிருந்தா வந்திருப்பம். நான் இறங்கல்ல. இன்னொருக்காத் தேத்தண்ணி போட்டன்."

ஓம், போட்டாள். எங்களை எப்போதும் அவசரப்படுத்துகிறவள் அன்றைக்கு இரண்டாம் தரமும் கேத்தலை வைத்தாள். யோகா போகிறாளே என்ற கவலையில் வைக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஏன் நஸீமா?"

"மகளுக்கு அப்பதான் வாத்தியார் வேல கிடச்சிருந்திச்சி. அந்த வேலய விடோணும், கட்டாருக்குப் போகோணும் எண்டு அவங்க சொல்லியனுப்பியிருந்தாங்க. அவ ரெண்டு நாளாச் சாப்பிடல்ல. வேணாம் எண்டு வாயால சொல்லவும் இல்ல. ராத்தா சொன்ன பேச்ச இவர் தட்ட மாட்டார். இவர் சொன்னத நான் தட்டினதில்ல. நீங்க வாங்க எண்டு கூப்பிட்ட நேரம், போய்ப் பிந்தினா என்ன எண்டு மனசு சொல்லிச்சி. பிந்துவம் எண்டு நினச்சித்தான் வந்தன். சேத்துல இறுகுவம் எண்டு நினைக்கல்ல. ஆனா கண்ட நேரம் வாயத் திறக்கல்ல."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் நானே திடுக்கிட்டேன்.

"அப்ப இத்தனை வருஷம் என்னை ஏன் வேக வைச்சனீங்கள்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க ஏலாதோ? நான் உங்களுக்கு ஆர்?"

"சொல்லத்தான் அடுத்த நாள் விடியக் கந்தோருக்கு வந்தன்," என்றாள் நஸீமா மெதுவாக. "நீங்க எல்லாரையும் கூட்டி வெச்சி நடிச்சிக்கிட்டிருந்தீங்க. இதச் சொன்னா இதுவும் ஒரு கதயாப் போயிரும் எண்டு பயந்துட்டன்."

உண்மைதானே. எதையும் கதையாக்காமல் என் நாக்கு ஓய்ந்ததில்லை, இந்தத் தொடரே அதற்குச் சாட்சி. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். அழுதுவிட்டு நான், "வாற போயாவுக்குப் போவம், நஸீமா," என்றேன்.

"ஏலாது."

"முழங்காலோ?"

"முழங்கால் நல்லாத்தான் இரிக்கு. மகளுக்குத் தெரியாம எனக்கு இனி அந்தத் தோணியில ஏற ஏலாது. ஒவ்வொரு சம்பந்தமும் தட்டிப்போற நேரம், அண்டைக்கு நான் செஞ்சது சரியா, புள்ளட வாழ்க்கயோட விளையாடிட்டனா எண்டு எனக்குள்ள கேக்கும். அவகிட்டச் சொல்லோணும். எத்தனயோ தரம் வாயத் திறந்துட்டன். வருகுதில்ல."

பிறகு அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"நீங்க எழுதுங்க, ராஜி."

"விசரோ உங்களுக்கு? ஊர் கதைக்கும்."

"ஊர் எண்டைக்குக் கதைக்காம இருந்திச்சி? பேர மாத்துங்க. அவ உங்கட எழுத்த விடாம வாசிக்கிறவ. சனிக்கிழம வார பஸ்ஸிலயே வாசிச்சி முடிச்சிட்டு, வீட்ட வந்து எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நீங்க சேத்துல விழுந்தத எழுதுங்க, செருப்ப எழுதுங்க. நான் தண்ணியக் கண்டத விட்டுராதீங்க."

பர்ஹானாவுக்கு

பர்ஹானா, இது உன் பெயர் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறேன் என்று உனக்கு இவ்வளவுக்குள் விளங்கியிருக்கும். பஸ்ஸில் இருந்து வாசிக்கிறாய் என்றால் தம்பலகாமம் வந்திருக்கும். இனி அதிக தூரமில்லை.

உம்மா என்னிடம் முக்கியமாக எழுதச் சொன்னது தண்ணீரைக் கண்டதைத்தான். நான் எழுதாமல் விட்டதையெல்லாம் நீ வீட்டு வாசலில் கால் வைத்ததும் அவவே சொல்லுவா. இடையில் மறிக்காமல் சொல்ல விடு. கோபம் வந்தால் கோபப்படு, அது உன் உரிமை. என்னைப் போல் சிரித்து மழுப்பிவிடாதே, உன் உம்மாவைப் போல் பேசாமலும் இருந்துவிடாதே. அவ செய்தது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. அது உன் வாழ்க்கை, நீதான் சொல்ல வேண்டும்.

எனக்கும் உன்னிடம் ஒரு தேவை இருக்கிறது. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். எனக்கு உன் உம்மா வேணும். அவ ஏசுகிற ஏச்சு வேணும், அவ காய்ச்சும் சொதி வேணும், எனக்கு முன்னால் இருந்து வலிக்கிற அந்த முதுகு வேணும். எங்களுக்கு இனி எத்தனை கச்சான் காலம் இருக்கிறது, சொல்லு பார்ப்போம்?

வாற போயாவுக்குக் காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருவேன். உனக்கு மனமிருந்தால் உம்மாவை அனுப்பு. இன்னும் கொஞ்சம் மனமிருந்தால் நீயும் வா. யோகாவின் இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

கேற் பூட்டியிருந்தால் தட்ட மாட்டேன், மகள். சத்தம் போடாமல் திரும்பிப் போய்விடுவேன்.